நாற்பது கண்ணாடி

தெமட்டகொடை
2025 ஜூன் 17

இரசாயனவியல் ஆசிரியை திருமதி அருந்ததி சிவபாதசுந்தரம் அவர்களுக்கு,

நான் ஹிபாவின் வாப்பா ஹுசைன். பதினோராம் திகதி உங்கள் ஆய்வுகூடத்தில் கண் வெந்துபோன பிள்ளையின் தகப்பன் என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் சுருக்காக விளங்கும். நான்கு தரம் உங்களுக்குக் கோல் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று சொல்ல ஏலாது.

ஆறு நாளாக நானும் மனைவி றலியாவும் கண் ஆஸ்பத்திரி மர வாங்கில் மாறி மாறி இருக்கிறோம். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. விடும்போது பிள்ளை என் கையை நகத்தால் கீறுகிறாள். இடது கண்ணில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. மூன்று மாதம் போகாமல் பார்வையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டொக்டர். அதற்குப் பிறகு உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட மிச்சமில்லை. மருத்துவ பீடம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது சுவரில் இருக்கிற கலண்டரை வாசிக்கக் கஷ்டப்படுகிறாள்.

எப்படி நடந்தது என்று கேட்டேன். பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை என்று சொன்னாள். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அதையே சொன்னாள். டீச்சர், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெப்ரவரி மாதம் என் கடையிலிருந்து நாற்பது கண்ணாடி பெட்டியோடு கொண்டுவந்து தந்தவன் நான்தான். ஒரு பிள்ளைக்கு ஒன்று, கையிருப்புக்கு நான்கு என்று கணக்குப் பார்த்துத் தந்தேன். நீங்களும் மேடையில் இருந்தீர்கள், மைக்கைப் பிடித்து நன்றி சொன்னீர்கள். நாற்பதில் ஒன்றை, தந்தவனுடைய மகளின் முகத்தில் மாட்டிவிட உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா?

வலயக் கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டேன். ஜூலை ஒன்பதாம் திகதி விசாரணை. இனிமேல் நீங்கள் எந்தப் பாடசாலையிலும் ஆய்வுகூடக் கதவைத் திறக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று சொல்ல வேண்டாம். அதற்காகத்தான் உங்களுக்கும் அறிவிக்கிறேன்.

எம். ஹுசைன்

வெள்ளவத்தை
2025 ஜூன் 20

ஹுசைன் அவர்களுக்கு,

கோல் ஏன் எடுக்கவில்லை என்பதை முதலில் சொல்கிறேன். அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுகொண்டு உங்களுக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினேன். அதை நீங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டீர்கள். நூற்றுப் பத்துப் பேர் கேட்டார்கள். என் ஃபிளாட்டுக்குக் கீழே மரக்கறி விற்கிறவர்கூடக் கேட்டுவிட்டு என்னைப் பாவம் பார்த்தார். இனி உங்களோடு கதைப்பதென்றால் கடதாசியில்தான்.

ஹிபாவின் கண்ணை நினைத்து நான் ஒவ்வொரு நாளும் வேதனைப்படுகிறேன். அதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. ஆனால் நடந்தது நடந்தபடி எழுதப்பட வேண்டும்.

அன்று அமோனியம் உப்புக்கான பரிசோதனை. சோதனைக் குழாயில் சோடியம் ஐதரொட்சைட்டு என்கிற கடுங்காரத்தை ஊற்றிச் சூடாக்க வேண்டும். அது தோலைவிடக் கண்ணுக்குத்தான் பெரிய எமன். குழாயின் வாயை ஆளில்லாத பக்கம் பிடிக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலிருந்து தொண்டை வறளக் கத்துகிறேன். பக்கத்து மேசைப் பிள்ளை, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பினாள். குழாயும் கூடவே திரும்பியது. கொதித்தது துள்ளி, மற்றவர்களைவிடக் கிட்ட நின்ற ஹிபாவின் நெற்றியில் பட்டது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுத மாட்டேன். அவளும் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

ஹிபா கண்ணாடி போட்டிருந்தாள். நான்தான் என் கையால் கழற்றினேன். கழற்றி, குழாய்த் தண்ணீருக்குக் கீழே தலையைப் பிடித்து, இருபத்தைந்து நிமிடம் கண்ணைக் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். அங்கே இருக்கிற நான்கு குழாய்களில் தண்ணீர் வருவது ஒன்றில். கண் கழுவுகிற குழாய் பொருத்தித் தாருங்கள் என்று மூன்று வருடத்தில் ஐந்து கடிதம் கொடுத்திருக்கிறேன். கவனத்தில் எடுக்கப்பட்டது என்று பதில் வந்தது. இருபது பேருக்குக் கட்டிய அறையில் முப்பத்தாறு பிள்ளைகளை நெருக்கி நிற்பாட்டாதீர்கள் என்றும் சொன்னேன். அதிபர் கிருஷ்ணராஜ் சிரித்துவிட்டுப் போனார். இப்போது அவர்தான் விசாரணை முடியும் மட்டும் வீட்டில் இருங்கள் மிஸ் என்று என்னை அனுப்பியிருக்கிறார்.

கண்ணாடி போடாத பிள்ளையை நெருப்புக்குப் பக்கத்தில் விட்ட ஆசிரியை என்று விசாரணையில் எழுதினால், என் வேலை அன்றோடு போகும். பதினேழு வருட வேலை. ஹிபா ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அருந்ததி

தெமட்டகொடை
2025 ஜூன் 24

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை றலியாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழும்பிப் போய்விட்டாள். பிள்ளையின் கண்ணையும் கெடுத்துவிட்டு இப்போது அவளைப் பொய்க்காரி என்றும் சொல்கிறீர்கள். என் மகள் நோன்பு பிடித்துக்கொண்டு பசிக்குது என்று வாய் தவறிச் சொன்னதற்கே, நோன்பு முறிந்ததோ என்று அழுத பிள்ளை. அவளுக்குப் பொய் வராது.

நேற்று அதிபரைப் போய்ப் பார்த்தேன். அலுமாரியைத் திறந்து காட்டினார். முப்பத்தொன்பது கண்ணாடி இருக்கிறது. ஒன்று இல்லை. அது எங்கே என்று கேட்டதற்கு அருந்ததி மிஸ் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்கிறார். ஏன் எடுத்தீர்கள்? பிள்ளை போட்டிருந்தாள் என்று கதை கட்டுவதற்கா? ஒரு கண்ணாடியைக் கழுவி, கொஞ்சம் காரத்தைத் தடவி, இதுதான் அது என்று காட்ட எவ்வளவு நேரம் போகும் உங்களுக்கு?

என் சாமானில் பிழை இல்லை. அதே கண்ணாடியை வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்புக்கும் தெஹிவளையில் ஒரு பாடசாலைக்கும் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன், நல்லதை மட்டும்தான் தானமாகக் கொடுத்திருக்கிறேன்.

வேலை போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேறு வேலை தேடலாம் டீச்சர். என் மகள் வேறு கண் தேடப் போவது எங்கே?

ஹுசைன்

வெள்ளவத்தை
2025 ஜூன் 26

ஹுசைன் அவர்களுக்கு,

காரத்தைத் தடவிக் காட்டுவேன் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காக இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

நீங்கள் தந்த கண்ணாடிக்கு மேல்பக்கத்தில் ஐந்து ஓட்டை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று. காற்றுப் போவதற்காக நேராகத் துளைத்த ஓட்டைகள். அது கிரைண்டர் பிடிக்கிறவருக்குச் செய்த கண்ணாடி. இரும்புப் பொடியையும் மரத்தூளையும் மறிக்கும். தண்ணீரை மறிக்காது. ஆய்வுகூடத்துக்கு வேண்டியது வேறு. அதில் காற்றுப் போகிற வழி வளைந்து மூடியிருக்கும், தெறிக்கிறது உள்ளே வராது. ஹிபாவின் நெற்றியில் பட்டது அந்த மேல் ஓட்டைகளுக்குள்ளால் இறங்கிக் கண்ணுக்குப் போனது. போனது மட்டுமில்லை, ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டி நின்றதால் உள்ளேயே தேங்கியது. வெறும் முகமாக இருந்திருந்தால் இதைவிடக் குறையத்தான் வெந்திருக்கும்.

உங்களைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு இது பெப்ரவரியிலேயே தெரியும். நீங்கள் பெட்டியைத் திறந்து தந்த அன்றைக்கே மேடையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதிபரின் காதில் போய், சேர் இது எங்களுக்குச் சரிவராது என்றேன். அவர் முகத்தைத் திருப்பாமல், "மிஸ், பேனர் அடிச்சாச்சு. அவர் முன்னுக்கு இருக்கிறார். இப்ப இதைக் கதைக்காதேங்கோ" என்றார். நானும் கதைக்கவில்லை. பெட்டிஸ் சாப்பிட்டேன், தேத்தண்ணி குடித்தேன், மைக்கில் நன்றி சொன்னேன். ஒரு மனிதர் ஆசையோடு கொண்டுவந்து தருகிறார், சபையில் வைத்து அவரை எப்படிச் சங்கடப்படுத்துவது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இந்த மரியாதையால் எத்தனை காரியம் கெட்டுப்போயிருக்கிறது என்று இப்போது யோசிக்க யோசிக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு நாற்பதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டைகளுக்குக் கறுப்பு டேப் ஒட்டினேன். கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி மூடுபனி மாதிரி மங்கிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக டேப்பை உரித்தார்கள். திரும்ப ஒட்டினேன், திரும்ப உரித்தார்கள். மே மாதத்தோடு எனக்கும் அலுத்துவிட்டது, விட்டுவிட்டேன். அது என் பிழை. விசாரணையில் அதைச் சொல்லத்தான் போகிறேன்.

இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது எழுத மனம் வரவில்லை. என் சொல்லை நம்ப வேண்டாம். உங்கள் கடை ராக்கையில் அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கும். ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரையாவது உங்கள் நெற்றியில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

அருந்ததி

தெமட்டகொடை
2025 ஜூன் 30

டீச்சர்,

சனிக்கிழமை கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நிமிர்த்தி இன்னொரு தரம் வாசித்தேன். கடைக்குப் பின்னால் பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, கண்ணாடியை மாட்டி, நுஸ்கியிடம் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். நுஸ்கி பதினைந்து வருடமாக என்னோடு நிற்கிற சேல்ஸ்மன். என்னவோ பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் ஊற்றினான்.

கண்ணை மூட நேரம் கிடைக்கவில்லை டீச்சர். ஒரு நொடியில் கண்ணுக்குள் வந்துவிட்டது. குனிந்தும் தண்ணீர் வெளியே போகவில்லை. கண்ணுக்கு முன்னாலேயே ஆடிக்கொண்டு நின்றது. நான் கழற்றாமல் அப்படியே இருந்ததைப் பார்த்து நுஸ்கியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவனே வந்து கழற்றினான்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கிரைண்டர் பிடித்த ஆளின் படம் பெரிதாகப் போட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் படத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கண்ணுக்குப் போடுவது என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன். பாடசாலையில் யாராவது என்னிடம் இது பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றித் தந்திருப்பேன். நீங்கள் மரியாதை பார்த்தீர்கள். உங்கள் மரியாதை எனக்கு எதற்கு டீச்சர்? கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளவத்தை டியூஷன் வகுப்புக்கு நேற்றே போய் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டேன். தெஹிவளைக்கு நாளைக்குப் போகிறேன். உங்கள் பாடசாலையில் இருப்பதையும் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிடுகிறேன். நீங்கள் கண்ணாடியைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். தற்செயலாக நடந்தது, ஒருவர்மேலும் பிழை இல்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுப்போம். உங்கள் வேலையும் தப்பும். ஊர் வாயில் நானும் விழ மாட்டேன். ஊரைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை, ஹிபாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கண்ணுக்கு மருந்து விடுகிற கை இதுதான். இந்தக் கைதான் அதைக் கொண்டுவந்து தந்தது என்று தெரிந்தால் நான் அவளுடைய முகத்தைப் பார்ப்பது எப்படி?

உங்கள் பதிலைக் காணாமல் இங்கே ஒரு வேலையும் ஓடாது.

ஹுசைன்

வெள்ளவத்தை
2025 ஜூலை 3

ஹுசைன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வேலை தப்பும் என்று எழுதியிருந்த இடத்தில் எனக்கும் ஆசை வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நேற்று அதிபர் போன் எடுத்தார். பதினான்காம் திகதியிலிருந்து செய்முறை வகுப்புத் தொடங்குகிறதாம். எனக்குப் பதிலாக ஒருவரைத் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்களாம். படித்து முடித்துவிட்டு இப்போதுதான் வந்த பிள்ளையாம். கண்ணாடிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அதுதான் முப்பத்தொன்பது இருக்கே மிஸ். இந்த முறை எல்லாரையும் கட்டாயம் போடப் பண்ணுவம்" என்றார். எனக்குப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஓட்டையைப் பற்றிப் பெப்ரவரியில் உங்களிடம் சொன்னனான் சேர் என்றேன். ஞாபகம் இல்லையாம்.

ஹிபா போடவில்லை என்று எழுதினாலும், தற்செயல் என்று எழுதினாலும், கண்ணாடி நல்லது என்றுதான் விசாரணைக் கோப்பில் நிற்கும். முப்பத்தாறு பிள்ளைகள் அதை நம்பி முகத்தில் மாட்டிக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்பார்கள். நீங்கள் சத்தமில்லாமல் எடுத்தால் அதிபர் சத்தமில்லாமல் வேறு எங்காவது அதே சாமானை வாங்குவார். ஏன் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாதே. நான் பெப்ரவரியில் ஒரு தரம் வாயை மூடினேன். இன்னொரு தரம் மூட என்னால் ஏலாது.

இனி ஹிபா விடயம். அவளுக்குத் தெரியக் கூடாது என்கிறீர்கள். அவளுக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும் ஹுசைன் அவர்களே. குழாய்க்குக் கீழே தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு பிள்ளை என்றால் உம்மா என்று கத்தியிருக்கும். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் சேலையைப் பிடித்து, "மிஸ், கண்ணாடிக்குள்ளாலதான் வந்திச்சி. வாப்பாக்குச் சொல்லிடாதீங்க. வாப்பா தாங்க மாட்டாங்க" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். கண் எரிந்து துடிக்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது? அந்தக் கண்ணாடியை நான் எடுத்துக்கொண்டு வந்ததும் ஒருவரும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்றுதான். அடுத்த நாள் அவள் போடவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். தான் கவனக்குறைவான பிள்ளை என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, நீங்கள் தப்ப வேண்டும். அந்தச் சொல்லில் என் வேலை போகும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியாது.

அவளுக்குக் கொடுத்த வாக்கைப் போன கடிதத்தில் உடைத்துவிட்டேன். உங்கள்மேல் வந்த கோபத்தில் உடைத்தேன் என்பதுதான் எனக்கு வெட்கம். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், உங்கள் வீட்டுப் படியேற விட்டால் வந்து கேட்பேன். அதற்கு முன் நீங்கள் அவளோடு கதையுங்கள். அவள் உங்களைக் காப்பாற்றுகிறாள், நீங்கள் அவளைக் காப்பாற்றுகிறீர்கள், ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பொய் சொல்கிறீர்கள். ஒன்பதாம் திகதி அவளையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே அவள் அந்தப் பொய்யில் கையெழுத்து வைக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

அருந்ததி

தெமட்டகொடை
2025 ஜூலை 7

அருந்ததி டீச்சருக்கு,

முதலில் பாடசாலைக்குத்தான் போனேன். முப்பத்தொன்பதையும் தாருங்கள், அது பிழையான சாமான் என்றேன். கிருஷ்ணராஜ் சேர் பெரிய கொப்பி ஒன்றைத் திறந்து காட்டினார். பாடசாலைச் சொத்தாகப் பதிந்தாகிவிட்டதாம். தந்தவர் கேட்டாலும் வலயத்தின் அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்க முடியாதாம். பிள்ளையின் கண் போயிருக்கிறது சேர் என்று கத்தினேன். விண்ணப்பம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கடதாசி நீட்டினார். டீச்சர், நீங்கள் ஐந்து கடிதம் கொடுத்தேன் என்று எழுதியபோது நான் அதைச் சாட்டுக்கு எழுதியது என்று நினைத்தேன். அந்தக் கந்தோரில் அரை மணித்தியாலம் இருந்ததற்கே எனக்கு இரத்தம் கொதித்துவிட்டது. மூன்று வருடம் எப்படிப் பொறுத்தீர்கள்?

தெஹிவளையில் ஒரு கதையும் இல்லாமல் தந்துவிட்டார்கள். அங்கே இன்னும் பெட்டியையே உடைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாசலிலேயே இருந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஹிபாவிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. றலியாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. போய்ப் பிள்ளையிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள். இன்று காலை மருந்து விட்டுவிட்டு, போத்தலை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நீ கண்ணாடி போட்டிருந்தாயா மகள் என்று கேட்டேன்.

அருந்ததி மிஸ் சொல்லிவிட்டாவா என்று கேட்டாள். ஓம் என்றேன். மிஸ்ஸுக்கு வேலை போகுமா என்று கேட்டாள். நீ போடவில்லை என்று சொன்னால் போகும் என்றேன். அது அவளுக்குத் தெரியாது டீச்சர், நீங்கள் எழுதியது சரிதான். முகம் வெளுத்துப்போனது. உங்களுக்குச் சொல்லச் சொன்னாள், தனக்குக் கொடுத்த வாக்கை உடைத்ததற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாமாம். நீங்கள் எந்த நேரமும் வரலாம்.

பிறகு நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். எல்லோரும் தள்ளி நிற்கும்போது நீ மட்டும் ஏன் அவ்வளவு கிட்டப் போய் நின்றாய் என்று. அதை மட்டும் நான் அவள்மேல் குற்றமாக மனதுக்குள் வைத்திருந்தேன், சொல்லாமல் இருந்தாலும்.

"நான் பயந்தாங்கொள்ளிதானே வாப்பா. முந்தியெல்லாம் ஆகப் பின்னுக்குத்தான் நிப்பன். நீங்க கண்ணாடி தந்த பொறகுதான் கிட்டப் போன. வாப்பா தந்தது, ஒண்டும் ஆகாதுண்டு நெனச்சன்."

ஒன்பதாம் திகதி காலை ஒன்பது மணிக்கு நானும் ஹிபாவும் வலயக் கந்தோருக்கு வருகிறோம். முறைப்பாட்டை வாபஸ் வாங்க மாட்டேன். அதில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதி, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே கீழே எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

ஹுசைன்